ஆய்வேடு இல்லாத கணினி முதுநிலை

ஆசிரியருக்கு,

ஆய்வேடு எழுதாமல், பாடங்களை மட்டும் முடித்துப் பெறும் கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தின்மேல் மதுரை மாணவர்களுக்கு ஆசை கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால், 3 ஆண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களுக்கு வாசலிலேயே தடை: அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் 4 ஆண்டுப் பட்டம் கேட்கின்றன. இங்கே எம்.டெக். சேரவும் பெரும்பாலும் நடுவில் 2 ஆண்டு எம்.சி.ஏ. வேண்டும். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வை இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். எம்.சி.ஏ. முடிக்கும்போதும் அது உயிரோடு இருக்கும். கோரிப்பாளையத்தில் ஒட்டியிருக்கும் படிப்பு விளம்பரச் சுவரொட்டிகள் இதையெல்லாம் சொல்வதில்லை!

வேலையை விட முடியாதவர்களுக்கு, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014-இல் தொடங்கிய இணையவழிக் கணினி முதுநிலைப் படிப்பு இருக்கிறது. 10 பாடங்கள், 30 கிரெடிட். ஆண்டுக்கு 3 பருவம். பருவத்துக்கு ஒரு பாடம் என்றால் மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். தொடக்கத்திலேயே இரண்டு அடிப்படைப் பாடங்களில் 'பி' கிரேடாவது எடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். முதல் பருவத்திலேயே இரண்டு கனமான பாடங்களை எடுத்து, வாராந்திர புரோகிராமிங் வேலையில் மூழ்கிவிடுகிறார்கள். சேருமுன் டிஸ்கிரீட் கணிதம் (தர்க்கம், கணங்கள் போன்றவை), டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கிவைக்கும் முறைகள்), சி மொழியில் பாயிண்டர் (நினைவக முகவரியைச் சுட்டும் மாறி) மூன்றையும் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். நண்பர் எழுதிய புரோகிராமைச் சற்று மாற்றித் தன் பெயர் போட்டு அனுப்பும் நம்மூர் 'ரெக்கார்டு நோட்' பழக்கம் அங்கே எடுபடாது; ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் பிடித்துவிடும்.

பின்னாளில் பிஎச்.டி. எண்ணம் இருப்பவர்கள் மட்டும், ஒரு புராஜெக்டாவது பேராசிரியர் ஒருவரிடம் செய்துவைப்பது நல்லது. பரிந்துரைக் கடிதத்துக்கு அப்போது ஆள் தேட வேண்டியிராது.

— கணினித் துறை ஆசிரியர்கள் சிலர், மதுரை