குடியிருப்போர் நலச்சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொடியேற்றம், கோலப்போட்டி, கண் பரிசோதனை முகாம் வழக்கம்போல நடந்தன. தெருவிளக்கு மனு மாநகராட்சியில் நிலுவையில் இருக்கிறது.

இந்த ஆண்டு நான் முன்னின்று செய்தது மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்த வேலை. முதலில் மஞ்சளாகப் பூப்பவை. இதற்கெல்லாம் செலவு தேவையா என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். நம் பகுதியில் எந்த மஞ்சள் பூவையும் கொன்றை என்றுதான் சொல்கிறோம். சித்திரையில் சரம் சரமாகத் தொங்கி, அப்புறம் முழ நீளத்துக்கு உருட்டுக் காய் விடுகிறதே, அதுதான் சரக்கொன்றை. பூங்கா வாசலில் இருப்பது இயல்வாகை. அதன் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும், காய் தட்டையாகத் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். மஞ்சள் கொன்றை என்பதோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை அடைத்துக்கொண்ட மரம். வனத்துறை அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறது. வெறுமனே கொன்றைக் கன்று கொடுங்கள் என்று நர்சரியில் கேட்டு நட்டால் எது வளரும், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஊஞ்சல் பக்கம் வேலியோரம் நிற்பது மஞ்சள் அரளி. அதன் கொட்டையைப் பிள்ளைகள் விளையாடப் பொறுக்குகிறார்கள். அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய விஷம். அந்தப் பலகையை மட்டும் சிவப்பு எழுத்தில் வைத்திருக்கிறோம். நடைபாதையோரம் படர்ந்திருக்கும் மஞ்சள் பூச்செடியைக் கரிசலாங்கண்ணி என்று சிலர் கீரைக்குப் பறிக்கிறார்கள். அது அழகுக்காகப் பரப்பிய அமெரிக்கச் செடி, இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், தயவுசெய்து பறிக்காதீர்கள்.

காலையில் வெளிர் மஞ்சளாக விரிந்து சாயங்காலம் சிவந்துபோகும் பூவரசம் பூவைப் பள்ளிப் பிள்ளைகள் இருவேளையும் வரைந்து கொடுத்தார்கள், அந்தப் படம் பலகையில் இருக்கிறது. ஆவாரைக்குப் பலகை வைக்க வழியில்லை. காலிமனையைச் சுத்தம் செய்கிறோம் என்று புதரை மொத்தமாக வழித்துவிட்டார்கள், இந்தப் பொங்கலுக்குக் காப்புக் கட்டக்கூட ஆவாரம்பூவைச் சந்தையில்தான் வாங்கினோம்.

பலகைகளை மரத்தில் ஆணி அடிக்காமல் கயிற்றில் தளர்வாகக் கட்ட வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். வாட்ஸ்அப்பில் கைகூப்பியவர்களில் ஞாயிறு காலை நேரில் வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். சந்தா நிலைமையும் அதுதான். பாதி வீடுகளுக்கு மேல் பாக்கி, சிலர் இரண்டு வருடமாகத் தரவில்லை, ஆனால் குப்பை வண்டி ஒருநாள் வராவிட்டால் முதல் போன் அவர்களிடமிருந்துதான் வருகிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரவுக்குச் செலவு சரியாகப் போய்விட்டது, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெயர் எழுதப் பலகை கொடுத்த தச்சருக்கும், பெயர்களைச் சரிபார்த்துத் தந்த தாவரவியல் ஆசிரியைக்கும், தலைவர், துணைத்தலைவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு காலிமனை ஓரத்தில் மறுபடி ஆவாரை விதைக்க வேண்டும், மழைக்கு முன்னால். விதை சேர்த்து வைத்திருக்கிறேன். வேலி போடத்தான் பணமில்லை. ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, கூட்டம் முடிந்தும் கொஞ்ச நேரம் இங்கேதான் இருப்பார்.