ஸ்கூபா பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்றுநர்களே,

முதுகில் காற்று டேங்கோடு நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபாவை உங்களில் ஒருவரிடம்தான் கற்றேன். மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது, டேங்கிலிருந்து வாய்க்குக் காற்று தரும் ரெகுலேட்டர் நழுவினால் தேடிப் பிடிப்பது, கூட வருபவரின் ஆக்டோபஸில், அதாவது அவரிடம் உபரியாக இருக்கும் ரெகுலேட்டரில், மூச்செடுப்பது என்று எல்லாவற்றையும் நீச்சல் குளத்தின் தரையில் முட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு முறை செய்தோம். தாளில் டிக் விழுந்தது. சான்றிதழ் அட்டையும் கைக்கு வந்தது.

அதன்பின் ஒரு நாள், 18 மீட்டர் ஆழத்தில், முன்னால் போனவரின் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) முகத்தில் பட்டு என் மாஸ்க் கழன்றுவிட்டது. கண் முன்னே வெறும் பச்சைக் கலங்கல். மூக்கில் தண்ணீர் ஏறியது. ரெகுலேட்டர் வாயில்தான் இருந்தது, டேங்கில் பாதிக்கு மேல் காற்றும் இருந்தது. இருந்தும் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கை தானாக, மிதக்க உதவும் ஜாக்கெட்டான பிசிடியின் காற்றேற்றும் பொத்தானுக்குப் போனது. அழுத்தியிருந்தால் விறுவிறுவென்று மேலே போயிருப்பேன். கூட வந்தவர் என் தோள்பட்டையைப் பிடித்து நிறுத்தியதால்தான் இதை எழுத முடிகிறது. அந்த ஆழத்தில் நெஞ்சில் அடைத்த காற்று, நீர்மட்டத்துக்கு வருவதற்குள் கிட்டத்தட்ட மூன்று மடங்காக விரியும். நுரையீரல் அதைத் தாங்காது. பாடத்தில் இதைப் படித்து, தேர்வில் சரியாக எழுதியும் இருந்தேன்!

அந்தப் படிப்பு ஏன் கைகொடுக்கவில்லை என்று பலமுறை யோசித்தேன். ‘பதறாதே’ என்பது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. பதற்றம் வரும்போது அந்தச் சொல் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான். மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் மாறுகிறது. கரியமில வாயு உடம்பில் தேங்குகிறது. டேங்க் நிறையக் காற்று இருக்கும்போதே காற்று போதவில்லை என்று தோன்றுகிறது. அப்புறம் ரெகுலேட்டரையே துப்பிவிடத் தோன்றும். அந்தச் சங்கிலியை அறுப்பது, நின்று, நிதானமாக விடும் ஒரு நீண்ட வெளிமூச்சு. அதுவும் பழகிய உடம்புக்குத்தான் வருகிறது.

அந்த நாளுக்குப் பிறகு, ஆழமில்லாத தண்ணீரில் மாஸ்க்கே இல்லாமல் ரெகுலேட்டரில் மூச்சுவிட்டுப் பழகினேன். முதல் தடவை பத்து நொடிகூடத் தாங்கவில்லை. மூக்கில் குளிர்ந்த நீர் பட்டதுமே தொண்டை அடைத்துக்கொள்ளும். வாயால் இழுத்து வாயாலேயே விட வேண்டும், மூக்கை மறந்துவிட வேண்டும். பல நாள் கழித்து ஒரு காலையில், மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தேன். பிறகு மாட்டி, மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, அண்ணாந்து மூக்கால் ஊதினேன். தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக வெளியேறியது. இதயம் வேகமாக அடிக்கவே இல்லை.

வகுப்பில் இதற்கு நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். முட்டி போட வைக்காதீர்கள். கடலில் யாரும் முட்டி போட்டுக்கொண்டு ஆபத்தைச் சந்திப்பதில்லை. ஏறாமல் இறங்காமல் நடுநீரில் மிதந்தபடி செய்ய வையுங்கள். ‘காற்று இல்லை’ என்று கழுத்தை வெட்டுவதுபோல் காட்டும் சைகையை, எதிர்பாராத நேரத்தில் காட்டுங்கள். ஆக்டோபஸை வாங்கியதோடு பயிற்சியை நிறுத்திவிடாமல், இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலே வரும்வரை பழக்குங்கள். நீர்மட்டத்தில் எடைப் பெல்ட்டைக் கழற்றிப் போடவும் பழக்குங்கள். சிலர் வாய் விளக்கத்தோடு அதை விட்டுவிடுகிறார்கள்.

மாணவர் ஒருவர் பயந்தால், பரவாயில்லை என்று தட்டிக்கொடுத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள். அவருக்கு இன்னும் ஒரு நாள் கொடுங்கள். அட்டை ஒரு வாரம் தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

பல மாதம் இடைவெளி விட்டு எங்களில் யாராவது திரும்பி வந்தால், நேராகப் படகில் ஏற்றாதீர்கள். முதலில் ஆழமில்லாத தண்ணீரில் இறக்கி, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் செய்வோம்.

அன்புடன்,
உங்களிடம் படித்த ஒருவர்