ஜனவரி வாய்தா

லெஸ்டர், நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

போனில் சொல்லாமல் விட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் இங்கத்து வக்கீல் பரீட்சைக்கு எழுதிய இரண்டு தாளில் ஒன்று தேறிவிட்டது, இன்னொன்று போய்விட்டது. முடிவு வந்த அன்று நீங்கள் கூப்பிட்டபோது "இன்னும் வரவில்லை" என்று சொன்னேனே, அது பொய். அன்றிலிருந்து நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா கேட்பது நியாயம்தான். பாளையங்கோட்டை கோர்ட்டில் நாலு வருஷம் வக்கீலாக நின்றவளுக்கு எதற்கு மறுபடியும் பரீட்சை? அம்மா, நம் ஊரில் எல்லாம் ஒரே வக்கீல். இங்கே இங்கிலாந்தில் இரண்டு வகை. மேல் கோர்ட்டுகளில் நின்று வாதாடுவதையே தொழிலாக வைத்திருப்பவர் பாரிஸ்டர். கட்சிக்காரரை உட்காரவைத்துப் பேசி, பத்திரம், உயில், வீடு கிரயம், வழக்குக் காகிதம் எல்லாம் பார்ப்பவர் சொலிசிட்டர். நான் ஆக நினைப்பது சொலிசிட்டர். அதற்கு 2021-ல் எஸ்.க்யூ.இ. என்று ஒரு தேர்வைக் கொண்டுவந்தார்கள், அதில் இரண்டு கட்டம். புதிதாக வருகிறவர்கள் இரண்டு வருஷ வேலை அனுபவமும் காட்ட வேண்டும். எனக்கு பார் கவுன்சில் பதிவு இருப்பதால் அது தேவையில்லை.

முதல் கட்டத்தில் இரண்டு தாள், தாளுக்கு 180 கேள்வி, எல்லாமே கம்ப்யூட்டரில். காலையில் 90, மதியம் 90, ஒவ்வொரு வேளைக்கும் 2 மணி 33 நிமிஷம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 102 விநாடி. ஒவ்வொரு கேள்வியும் ஒரு குட்டி வழக்கு, அடியில் ஐந்து பதில், அதில் இரண்டு சரி மாதிரியே இருக்கும். சட்டப் புத்தகம் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. சட்டைப் பையைத் திருப்பிக் காட்டி, கடிகாரத்தைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எனக்குப் போனது இரண்டாவது தாள். நிலம், வீடு கிரயம், உயிலும் வாரிசும், டிரஸ்ட், கிரிமினல், அப்புறம் கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்கும் விதிகள். ஏன் போனது என்று பல நாள் யோசித்தேன் அப்பா. படிக்காமல் இல்லை. நெல்லை சட்டக் கல்லூரியில் படித்தது இன்னும் எனக்குள் உயிரோடு இருக்கிறது, அதுதான் குறுக்கே வந்திருக்கிறது.

தேர்வில் வந்த கேள்வியை வெளியே சொல்லக் கூடாது, அது விதி. வீட்டில் பயிற்சிக்குச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் தன் வீட்டைத் தங்கைக்கு உயில் எழுதி வைக்கிறார். இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார், புது உயில் எழுதாமலேயே இறந்துவிடுகிறார், பிள்ளை இல்லை. வீடு யாருக்கு? நான் யோசிக்காமல் தங்கைக்கு என்று போட்டேன். நம் ஊரில் ஓர் இந்து எழுதிய உயில் கல்யாணத்தால் ரத்தாகாது. இங்கே 1837-ஆம் வருஷத்து உயில் சட்டப்படி, வரப்போகிற கல்யாணத்தை நினைத்து எழுதியதாக உயிலிலேயே தெரிந்தால் ஒழிய, கல்யாணம் ஆனதுமே பழைய உயில் செத்துப்போகிறது. எல்லாம் மனைவிக்கு. தங்கைக்கு ஒன்றுமில்லை. அதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது, பெற்ற தாய்க்கும் ஒன்றுமில்லை. அப்பா, நீங்கள் எத்தனை வாரிசுச் சான்றிதழைத் தாலுகா ஆபீஸில் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், மனைவி, பிள்ளைகள், தாய் என்று மூன்று வரிசையும் இல்லாமல் ஒன்று பார்த்திருப்பீர்களா? நம் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டம் தாயை மனைவி பிள்ளைகளோடு ஒன்றாக உட்கார வைக்கிறது. இங்கே உயில் இல்லாமல் மகன் இறந்து மனைவியோ பிள்ளையோ இருந்தால் தாய்க்குப் பங்கே வராது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று அம்மா ஞாபகம் வந்து புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அதனால் ஜனவரித் தேர்வுக்குப் படிக்கிற விதத்தையே மாற்றிவிட்டேன். நோட்டின் இடது பக்கத்தில் நம் சட்டம், வலது பக்கத்தில் இங்கத்துச் சட்டம், இரண்டும் எங்கே பிரிகிறதோ அங்கே சிவப்பு மை. ஒப்பந்தச் சட்டம் தேறிய தாளில்தான் வருகிறது, ஆனாலும் பழக்கத்துக்கு அதில்தான் ஆரம்பித்தேன். மெட்ராஸ் ஹைகோர்ட்டில் வந்த பழைய சின்னய்யா வழக்கை நீங்களே சீனியர் வாயால் கேட்டிருப்பீர்கள். தாய் மகளுக்குச் சொத்தை எழுதிக்கொடுத்து, தன் உடன்பிறப்புக்கு வருஷா வருஷம் பணம் கொடுக்கச் சொன்ன வழக்கு. வாக்குறுதிக்கு ஈடாகக் கொடுக்கிற பிரதிபலனை யார் கொடுத்தாலும் நம் ஊரில் செல்லும். இங்கே வாக்குறுதி வாங்கியவரே கொடுத்திருக்க வேண்டும்.

தப்பாகப் போட்ட கேள்விக்கெல்லாம் நீங்கள் செய்கிற மாதிரி வாய்தா போடுகிறேன். சின்ன வயசில் பார்த்திருக்கிறேன், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் டைரியை விரித்து, ஒவ்வொரு வழக்குக் கட்டாக எடுத்து அடுத்த தேதியை எழுதிவிட்டுத்தான் மஞ்சள் கயிற்றைக் கட்டுவீர்கள். ஒரு கட்டுகூடத் தேதி இல்லாமல் உறங்காது. நானும் அப்படித்தான். தப்பான கேள்விக்கு மூன்று நாளில் ஒரு தேதி, மறுபடி தப்பினால் இன்னொரு மூன்று நாள், சரியாக வந்தால் பத்து நாள் தள்ளி, அப்புறம் மூன்று வாரம். இப்போது 212 கேள்வி பாக்கியில் இருக்கிறது. போன மாதம் நானூற்றுக்கு மேல் இருந்தது.

காலை நாலே முக்காலுக்கு எழுந்து ஏழு வரை படிக்கிறேன். அப்புறம் ஆபீஸ், நாள் முழுக்க வீடு கிரயக் காகிதம்தான், அது இந்தத் தாளுக்கே உதவுகிறது. திரும்பும்போது இருட்டிவிடும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும். சனிக்கிழமை மட்டும் நூலகத்தில் உட்கார்ந்து, நேரம் வைத்து, காலை 90 மதியம் 90 முழுசாகச் செய்கிறேன். ஜூலையில் நான் தடுமாறியது மதியத்துக் கடைசி முப்பது கேள்வியில்தான், கண் ஓடும், மனசு நிற்காது. அதைப் பழக்கினால்தான் வரும். போன தடவை காலையில் ரயில் பிடித்து பர்மிங்காம் ஓடினேன். இந்த முறை முந்தின ராத்திரியே அங்கே தோழி வீட்டில் தங்கிவிடுவேன்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். தேறாத தாளை மட்டும் மறுபடி எழுத 950 பவுண்டு பக்கம் ஆனது, நம் காசுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். கட்டிவிட்டேன். அம்மா வளையலை எடுக்க வேண்டாம், தயவுசெய்து. ஆறு வருஷத்துக்குள் மூன்று தடவை எழுதலாம், ஒன்று போனது, அவ்வளவுதான்.

இது முடிந்தால் இரண்டாம் கட்டம், அதற்குக் கட்டணம் இன்னும் அதிகம். எழுத்துத் தேர்வு 12, வாய்மொழித் தேர்வு 4. கட்சிக்காரராக ஒருவர் நடிக்க, 25 நிமிஷம் பேசி விஷயத்தை வாங்க வேண்டும். நீதிபதி முன் வாதாடவும் வேண்டும். இங்கே டிஸ்டிரிக்ட் ஜட்ஜை 'ஜட்ஜ்' என்றே கூப்பிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்கு எனக்குப் பயம் இல்லை அப்பா. வராந்தாவில் நீங்கள் கட்சிக்காரரிடம் பேச்சுக் கொடுத்து விஷயத்தை வாங்குவதைப் பார்த்தே வளர்ந்தவள்.

பொங்கலுக்கு வர முடியாது. தேர்வு அதை ஒட்டித்தான் வருகிறது. அந்த வாரம் கூப்பிடாதீர்கள், முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: சென்னைக்கு யாராவது போனால் பார் கவுன்சிலில் என் பெயரில் நன்னடத்தைச் சான்றிதழுக்கு மனுப் போட என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பதிவுச் சான்றிதழின் நகல் மர பீரோவில், இரண்டாவது தட்டில், உங்கள் பழைய டைரிகளுக்கு அடியில் இருக்கிறது.

உங்கள் மகள்,
செல்வி