ரோஸ் கலர் ஆட்டுக்கு

சேசு மரி சூசை

போஸ்னான், போலந்து
7 டிசம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, அந்தோணி எழுதுவது. நான் இங்கு சுகம். அங்கு நீங்கள், அண்ணன், மதினி, தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் சுகமா?

ராயன் கையில் நீங்கள் கொடுத்துவிட்ட பை அக்டோபர் கடைசியிலேயே வந்துவிட்டது. உத்தரியத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். நெத்திலிக் கருவாடு எப்போதோ தீர்ந்தது. கடிதத்துக்குப் பதிலைத்தான் இன்றுவரை இழுத்துவிட்டேன். போனில் பேசுகிறோமே என்று ஒரு சாக்கு. போனில் என்ன பேசுகிறோம்? அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறான். சாப்பிட்டியா, குளிருதா என்பதற்குள் பக்கத்து வீட்டுச் சித்தி வந்துவிடுகிறாள். எனக்குக் கேட்காது என்று நினைத்து நீங்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறீர்கள். கேட்கிறது அம்மா.

தங்கச்சியை விட்டு அடிக்கோடு போட்டு எழுதச் சொன்ன மூன்று கேள்விகளுக்கு முதலில் பதில். ஞாயிறு பூசைக்குப் போகிறேன். பாவசங்கீர்த்தனம் பாக்கி. எனக்கு வருகிற போலிஷ் "ரொட்டி என்ன விலை" என்று கேட்கத்தான் காணும், பாவத்தைச் சொல்லக் காணாது. இங்கிலீஷ் தெரிந்த சாமியாராகப் பார்த்துக் கிறிஸ்மஸுக்குள் செய்துவிடுவேன். ஜெபமாலை சொல்கிறாயா என்பதற்குத்தான் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும்.

அக்டோபர் முழுக்க இங்கே கோயிலில் தினமும் ஜெபமாலை உண்டு. வீட்டில் ஏழு மணிக்கு நீங்கள் மாதா படத்துக்கு முன்னால் பாயை விரித்ததும் பின்வாசல் வழியாக நழுவினவன், இங்கே யாரும் கூப்பிடாமலே போய் முழங்காலில் நின்றேன். முன்பாதியைச் சாமியார் சொல்ல, பின்பாதியை ஜனங்கள் சொல்கிறார்கள், நம்மைப் போலவே. "ஸ்த்ரோவஷ் மரியோ" என்று தொடங்குகிறார்கள். ஸ்த்ரோவி என்றால் இவர்கள் பாஷையில் சுகம். நாம் கடிதத்தில் முதல் வரி எழுதுகிற மாதிரி, மாதாவை நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. நான் தமிழிலேயே சொல்வேன், ஆச்சி சொல்லித்தந்த பழைய மந்திரம். அதில் ஒரு சங்கடம், நம்முடையது நீளம். "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று நான் மூச்சு வாங்குவதற்குள் அவர்கள் ஆமென் போட்டுவிடுகிறார்கள். "எங்கள் மரண நேரத்திலும்" என்று நான் மட்டும் தனியாக முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். முதலில் பக்கத்துக் கிழவிகள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஒருத்தி தன் ஆமெனை எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

குளிருக்குப் பயப்பட வேண்டாம். இன்று மைனஸ் 4. வேலைக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான். போன வருஷம் முதல் முதலாகப் பனி விழுந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஞானஸ்நானம், புதுநன்மை எல்லாம் பனிமய மாதா கோயிலில். ஆனால் பனி என்றால் எனக்குத் தெரிந்தது மார்கழியில் நீங்கள் தலையில் துண்டு போடச் சொல்கிற பனிதான். ரோமாபுரியில் ஆகஸ்ட் மாதம் குன்றின்மேல் பனி பெய்து மாதா கோயில் கட்ட இடம் காட்டியது என்று உபதேசியார் சொன்னபோது, இதில் என்ன அதிசயம் என்று நினைத்தவன் நான். இங்கே பார்த்த பிறகுதான் விளங்கியது. உப்பளத்து அம்பாரத்தை ஊர் முழுக்கக் கொட்டிப் பரப்பின மாதிரி கிடக்கிறது. அதை ஆகஸ்ட் 5-ந்தேதி வெயிலில் நினைத்துப் பாருங்கள்.

அறையில் மூன்று பேர் இருக்கிறோம். நேரம் போவதே தெரியாது, கதகதப்பாகவும் இருக்கிறது. ஒருவன் பிலிப்பைன்ஸ்காரன், கோயில் பிள்ளை. நம் பனிமய மாதா, அதாவது தஸ்நேவிஸ் மாதா சுரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று ஊரில் சொல்வதை அவனிடம் சொன்னேன். அன்றிலிருந்து, "எங்கள் மாதாவைத் திருப்பிக் கொடு" என்று தினமும் வம்பு. தங்கத்தேர் இழுக்கிற வருஷத்தில் வந்து கூட வடம் பிடி என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது உங்கள் கருவாடு செய்த வேலையைச் சொல்கிறேன். கீழ்வீட்டில் ஒரு பானி இருக்கிறாள். பானி என்றால் இங்கே பெண்களுக்கு மரியாதைச் சொல். எண்பது வயது இருக்கும், தனியாள். எனக்கும் அவளுக்கும் அதுவரை பேச்சே கிடையாது. இந்தக் கட்டிடத்தில் வெந்நீர்க் குழாய் மேலும் கீழுமாக எல்லா வீட்டுக்குள்ளும் ஓடும், அதில்தான் வீடு சூடாகிறது. நான் கடுகு தாளித்தால் பானி கரண்டியால் குழாயில் "டங்" என்று ஒரு அடி அடிப்பாள். மிளகாய் வற்றல் போட்டால் இரண்டு அடி. கருவாடு வறுத்த அன்று கோயில் மணி மாதிரி நிற்காமல் அடித்தாள்.

சரி, மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கடையில் ஒரு செவ்வந்தித் தொட்டி வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அக்டோபர் கடைசி, எங்கே பார்த்தாலும் செவ்வந்தியாக விற்றார்கள். மஞ்சள், நம் மாலையில் கட்டுகிற அதே மஞ்சள். பானி பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு போனில் என்னவோ பேசி மொழிபெயர்ப்பை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நான் இன்னும் சாகவில்லை" என்று இருந்தது. இங்கே செவ்வந்தி கல்லறைக்கு மட்டும்தானாம். எனக்கு எப்படித் தெரியும்? கூனிக்குறுகி நின்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பெயர் கேட்டாள். அந்தோணி என்றதும், "அந்தோனி! அந்தோனி!" என்று உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். இங்கே பிறந்தநாளைவிடப் பெயர்கொண்ட புனிதரின் நாள்தான் பெரியவர்களுக்கு விசேஷம். ஜூன் 13-க்குக் கேக் என் செலவு என்று அன்றே சொல்லிவிட்டாள்.

அந்தத் தொட்டியை வீணாக்கவில்லை. நவம்பர் 1 இங்கே அரசு விடுமுறை. நாம் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வைப்போம், இவர்கள் முதல் தேதியே போய்விடுகிறார்கள். பானியால் சுமக்க முடியாது என்று என்னைக் கூப்பிட்டாள். யூனிகோவோ என்று பெரிய கல்லறைத் தோட்டம். அன்றைக்கென்று தனி டிராம்கள் விட்டும் நிற்க இடமில்லை. எல்லோர் மடியிலும் செவ்வந்தித் தொட்டி, எல்லோர் பையிலும் கண்ணாடி விளக்கு. மெழுகுவர்த்தியை மூடி போட்ட கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருப்பார்கள், காற்றுக்கும் மழைக்கும் அணையாது. நம் ஊர்க் கல்லறையில் காற்றடித்தால் அப்பா தன் உள்ளங்கையைக் குவித்துக் காவல் வைப்பாரே, அந்த வேலை இங்கே இல்லை.

பானி தன் புருஷன் கல்லறையில் வீட்டு வாசல் மாதிரி வேலை செய்தாள். சருகைக் கூட்டினாள், பிரஷ் வைத்துக் கல்லைத் தேய்த்தாள், எழுத்துக் குழிகளில் இருந்த பாசியைத் தீக்குச்சியால் நோண்டி எடுத்தாள். என் செவ்வந்தியைத் தலைமாட்டில் வைத்து, கொஞ்சம் திருப்பி, திரும்பவும் திருப்பினாள். எல்லாம் முடிந்தும் பையில் ஒரு விளக்கு மிச்சமிருந்தது. வா என்று நடந்தாள். தோட்டத்து நடுவில் பெரிய சிலுவை நிற்கிறது. தூரத்தில் கல்லறை உள்ளவர்கள், போக முடியாதவர்கள் அதன் அடியில் விளக்கு வைப்பார்களாம். நூற்றுக்கணக்கில் இருந்தன, பக்கத்தில் போனால் முகத்தில் சூடு அடிக்கிறது. அப்பா செத்துப்போனதை நான் அவளிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன், அதுவும் கை ஜாடையில். விளக்கை என் கையில் கொடுத்தாள்.

எனக்குத் தீக்குச்சி உரசத் தெரியவில்லை அம்மா. நாலு குச்சி ஒடிந்தது. கடைசியில் பக்கத்தில் நின்ற ஒரு பையன் பற்றவைத்துக் கொடுத்தான். "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் ஓடவில்லை. பானி தன் பாஷையில் "வியெச்னி ஒட்போச்சினெக்" என்று தொடங்கி முடித்து வைத்தாள். அதே மந்திரம்தான் என்று தெரிந்தது.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்னால் அப்பா போனபோது, குடியிருப்பு அட்டை கைக்கு வராமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னேனே, அது உண்மைதான். பாதி உண்மை. மீதியை நேரில் சொல்கிறேன். வள்ளம் இறக்கும்போது அப்பா தண்ணீரைத் தொட்டு நெற்றியில் பிதா சுதன் போடுவார் அல்லவா, இங்கே கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் கை வைக்கிறபோதெல்லாம் அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது. உப்பில் வெடித்த கை.

அழாதீர்கள். சாப்பாட்டு விஷயம் சொல்கிறேன். நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியில் பாதியை வெட்டிக் கொடுத்தாரே, அவர்தான். இந்த ஊரில் அவர் பெயரில் ஒரு தெரு, அன்றைக்கு அந்தத் தெருவில் வெள்ளைக் குதிரையில் மார்ட்டின் வேஷம் கட்டியவர் ஊர்வலம் வருவார். எல்லோரும் தின்பது பிறை மாதிரி வளைந்த ஒரு பண்டம், உள்ளே கசகசா அரைத்த பூரணம். நம் வெள்ளைக் கசகசாவேதான்! நீங்கள் குருமாவில் ஒரு ஸ்பூன் போடக் கணக்குப் பார்ப்பதை இவர்கள் கைநிறைய அடைக்கிறார்கள். ஒன்று வாங்கி மார்ட்டினார் மாதிரி பாதியைப் பானிக்குக் கொடுத்தேன். பாதியே வயிற்றை நிறைத்துவிட்டது.

இப்போது திருவருகைக் காலம். விடியுமுன்னே மாதாவுக்கு ஒரு பூசை உண்டு, ரொராத்தி என்பார்கள். எனக்கு இரவு ஷிப்ட் ஐந்தரைக்கு முடியும், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கோயில். விளக்கெல்லாம் அணைத்திருக்கும். சின்னப் பிள்ளைகள் கையில் லாந்தரோடு தூக்கக் கண்ணோடு நடந்து வரும், பார்க்க மார்கழிப் பஜனை மாதிரி இருக்கும். முடிந்ததும் பக்கத்து அறையில் சூடாக டீயும் ஜாம் வைத்த பன்னும் தருகிறார்கள். அதற்காகத்தான் போகிறான் என்று அண்ணன் சொல்வான், சொல்லட்டும். ஒரு நாளும் தவறவில்லை.

24-ந்தேதி ராத்திரி பானி வீட்டில் சாப்பாடு. இந்த வருஷத்திலிருந்து அன்றும் அரசு விடுமுறை. கறி கிடையாது, பன்னிரண்டு வகை, அதில் முக்கியமானது கெண்டை மீன். மேசையில் எதிர்பாராமல் வருகிறவருக்கென்று ஒரு தட்டு அதிகமாக வைப்பது இவர்கள் வழக்கம். போன வருஷம் வரை அவள் தனக்கொன்று, வராதவருக்கொன்று என்று இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டாளாம். இந்த வருஷம் எனக்கும் சேர்த்து மூன்று. கெண்டையை உயிரோடு வாங்கிக் குளிக்கிற தொட்டியில் விடப்போகிறாள். வெட்டுவது நான், மீன்காரன் மகனாயிற்றே. குளத்து மீனை வெட்டினேன் என்று நம் தெருவில் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் வீட்டு விஷயம். மாப்பிள்ளை வீட்டார் ஜனவரியிலேயே கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்கிறார்கள் என்று தங்கச்சி எழுதியிருந்தாள். அவசரம் வேண்டாம். பிப்ரவரி 18 விபூதிப் புதன், அன்றே தபசு காலம் தொடங்கிவிடும். அதற்குள் கோயிலில் மூன்று தடவை கல்யாண ஓலை வாசித்து, பத்திரிகை அடித்து, அள்ளித்தெளித்த கோலமாகிவிடும். தபசு காலம் முடியட்டும். ஏப்ரல் 5 ஈஸ்டர். அது கழிந்து பத்து நாள் தள்ளி வைத்தால் எனக்கும் லீவு கிடைக்கும், அப்பா போய் ஒரு வருஷம் ஆகவில்லை என்று பேசுகிறவர்கள் வாயும் கொஞ்சம் அடங்கும். பங்குச்சாமியிடம் சொல்லி அவர் வாயால் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவையுங்கள். அவர் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

உங்கள் சங்கிலியை இந்த மாதம் மீட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். இந்த மாதம் வேண்டாம். வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு பணம் வரவேண்டியிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறேன். கிறிஸ்மஸுக்குக் கழுத்து வெறுமையாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால், மகன் பெரிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறான் என்று சொல்லுங்கள்.

கவருக்குள் மெல்லிய அப்பம் இரண்டு வைத்திருக்கிறேன். பூசையில் வாங்குகிற நற்கருணை இல்லை, பயப்படாமல் தொடலாம். மந்திரித்தது மட்டும்தான், மேலே குடில் படம் பதிந்திருக்கும். 24-ந்தேதி சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் ஒடித்து, வாழ்த்துச் சொல்லித் தின்ன வேண்டும். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இப்படிக் கடிதத்தில் வைத்து அனுப்புவார்கள். கிறிஸ்மஸுக்குள் வந்து சேராது. மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் வந்தால் போதும்.

வெள்ளை அப்பத்தை முதலில் அண்ணன் கையில் கொடுங்கள், மாமாவையும் வரச்சொல்லுங்கள். வள்ளத்து இன்ஜின் பங்குக்காக இரண்டு பேரும் அப்பா அடக்கத்திலேயே முகம் பாராமல் நின்றார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. கணக்கு யார் பக்கம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. என் பங்கு என்று ஒன்று இருந்தால் அதை மாமாவுக்கே விட்டுவிடச் சொல்லுங்கள். ஒடிக்காமல் யாரும் சாப்பிட உட்காரக்கூடாது, அதுதான் இங்கே சட்டம் என்று சொல்லுங்கள். வழியில் தூளாகிப்போயிருந்தால் தூளையாவது ஆளுக்கொரு சிட்டிகை.

ரோஸ் கலர் அப்பம் மிருகங்களுக்கு. அது ஆட்டுக்கு. பிள்ளைகள் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
அந்தோணி

பி.கு.: கல்லறைத் திருநாள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலுவையில் அப்பா பிறந்த வருஷம் 1958 என்று எழுதியிருக்கிறது. 1956. ஆண்டுப் பூசைக்குள் மாற்றச் சொல்லுங்கள். பெயின்டர் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், தப்பு அவனுடையது.