ஹேண்டில்பாரில் இரண்டு விரற்கடை இடம் விடுங்கள்

மோட்டார் சைக்கிள்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், எந்த வடிவம் தயாரிப்புக்குப் போகலாம் என்று முடிவெடுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கையில் அடிபட்டவர்களுக்கு ஏற்றபடி வண்டியை மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக் நான். விரல் போனவர்கள், தசைநார் அறுந்து தைத்தவர்கள், மணிக்கட்டில் பிளேட் வைத்தவர்கள், முழங்கைக்குக் கீழே செயற்கைக் கை மாட்டியவர்கள் எல்லாம் வருகிறார்கள். மறுபடி ஓட்ட முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் முடியும். ஆனால் அதற்கு நீங்கள் செய்து அனுப்பிய வண்டியோடு நான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பாதிக்கு மேல் தேவையே இல்லாத மல்லுக்கட்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் லீவரின் நுனியில் விழுவது அந்த இரண்டு விரல்கள்தான். நுனியில் பிடித்தால் லேசாக வரும் லீவர், அது சுழலும் திருகாணிக்குப் பக்கத்தில் பிடித்தால் கல் மாதிரி இருக்கும். மிஞ்சியிருக்கும் ஆள்காட்டி விரலும் நடு விரலும் அங்கேதான் விழுகின்றன. நெரிசலில் சிக்னலுக்குச் சிக்னல் கிளட்ச் பிடித்தால் சிறிது நேரத்திலேயே முன்கை இறுகி, விரல் தானாக விட்டுவிடும். வண்டி முன்னால் பாயும்.

இதற்கு வைத்தியம் ரொம்ப எளிது. கிளட்ச் லீவரை ஹேண்டில்பாரோடு பிணைக்கும் பிடிப்பான யோக்கைத் தளர்த்தி, மூன்று நான்கு சென்டிமீட்டர் வண்டியின் நடுப்பக்கமாகத் தள்ளி வைத்தால், நல்ல விரல்கள் இரண்டும் லீவர் நுனிக்கு வந்துவிடும். புதிதாக எதையும் வாங்க வேண்டாம், ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் தள்ள இடம் எங்கே? சில வண்டிகளில் யோக்கும் சுவிட்ச் பெட்டியும் ஒரே வார்ப்பு. பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கும், அது ஹேண்டில்பாரின் துளையில் உட்கார்ந்துகொண்டு நகர விடாது. வேறு சிலவற்றில் யோக்கைத் தாண்டியதும் குழாய் வளைந்துவிடும், இல்லையென்றால் தடித்துவிடும். முளையை அரத்தால் ராவி எடுத்தால் சுவிட்ச் பெட்டி கையோடு சுற்றும். குழாயில் இன்னொரு துளை போட்டால் குழாயின் பலம் குறையும். உடல் எடை முழுவதையும் ஊன்றும் குழாயில் துளை போட எனக்கு மனம் வருவதில்லை.

லீவரை லேசாக்க வேறு வழியும் உண்டு. எஞ்சின் பக்கத்தில் கிளட்ச் கேபிள் இழுக்கும் நெம்புகோலை நீளமாக்கலாம். அப்போது இழுக்கும் தூரம் போதாமல், கிளட்ச் தட்டுகள் முழுவதும் பிரியாது, நியூட்ரல் விழாது. ஒன்றைப் பெற்றால் இன்னொன்றை இழக்க வேண்டும்.

கையால் கிளட்ச் பிடிக்கவே தேவையில்லாத வழி உங்கள் துறைக்குப் புதிதும் அல்ல. 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் கிளட்ச் லீவர் கிடையாது. சாப்பாட்டுத் தட்டுகளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகும் கடைப் பையன் மறு கையால் ஓட்ட வேண்டும் என்று நினைத்துச் செய்த வண்டி அது. ஹோண்டாவின் பெரிய வண்டிகளுக்கு 2010-ல், தானாகவே கிளட்ச் பிடித்து கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பெட்டி வந்தது, 2023-ல் லீவரைத் தொடாமலே வேலை செய்யும் இ-கிளட்சை அதே நிறுவனம் அறிவித்தது. ஆக, இடது கைக்கு விடை இருக்கிறது. அது எல்லா விலை வண்டிக்கும் இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.

வலது கைதான் நிஜமான சிக்கல். ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் ஒரே கையில். ‘கால் பிரேக் போதுமே’ என்று சொல்லிவிடுகிறார்கள். போதாது. பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடும், பின் சக்கரம் லேசாகி வழுக்கும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதை ஓட்டுபவரிடமிருந்து எடுத்துவிட்டு அவரைச் சாலைக்கு அனுப்ப முடியாது. கால் பெடல் ஒன்றே இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும் இணைப்பு பிரேக்கை இத்தாலிய நிறுவனமான மோட்டோ குஸ்ஸி 1970-களிலேயே செய்தது. முன் பிரேக் லீவரை இடப்பக்கம், கிளட்சுக்கு மேலோ கீழோ வைப்பதும் நடக்கிற காரியம்தான். 1992-ல் நெதர்லாந்தின் அசென் பந்தயக் களத்தில், ஆஸ்திரேலிய மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் மிக் டூஹனின் வலது கால் நொறுங்கியது. அந்தக் கால் பெடலை மிதிக்காது என்றானதும், பின் பிரேக்கை இடது பெருவிரலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை அவர்தான் உலக சாம்பியன். ஒரு பந்தய வீரருக்கு இவ்வளவு அக்கறை எடுத்த துறை, வேலைக்குப் போக வண்டியை நம்பியிருப்பவருக்கும் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

அப்புறம் ஆக்சிலரேட்டர். கேபிள் வண்டியில் அதை இடது கைக்கு மாற்றிவிடலாம். மாற்றியபின் ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு முறையும் முறுக்கி விட்டுப் பார்ப்பேன். பட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். கேபிள் எங்காவது ஒடுங்கி வளைந்து, மூடத் தயங்கினாலும் வண்டியை வெளியே விடமாட்டேன். இப்போது வரும் வண்டிகளில் கேபிளுக்குப் பதில் சென்சாரும் வயரும். உண்மையில் இடம் மாற்ற இதுதான் சுலபமாக இருக்க வேண்டும். ஆனால் பிடியும் சென்சாரும் சேர்ந்த அந்தப் பாகம் வலது கைக்கு மட்டுமே செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே இரண்டு சிக்னல்கள் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. நாங்களாக எதையாவது ஒட்டவைத்து அவை பொருந்தாமல் போனால், ஓடும்போதே எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பட்டறையில் விளையாடக் கூடிய இடம் இல்லை அது. இடது கைக்கான பாகத்தை நீங்களே செய்து, உங்கள் உதிரிபாகப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

யோக்குக்குள் இருக்கும் கிளட்ச் சுவிட்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளட்ச் பிடிக்காமல் கியரில் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது அதுதான். யோக்கை மாற்றும்போது வயர் வரைபடம் கிடைக்காமல், இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கை பலவீனமானவரின் வண்டியில் அந்தப் பாதுகாப்பு போவதைப் போல ஆபத்து வேறில்லை. வரைபடத்தைப் பூட்டி வைக்காதீர்கள். கேட்கிற பட்டறைக்குக் கொடுங்கள். முறையாக மாற்றிய வண்டிக்கு, மாற்றத்தோடு சம்பந்தமே இல்லாத பழுதுக்கும் வாரண்டி இல்லை என்று கையை விரிப்பதையும் நிறுத்துங்கள். மாற்றிய வண்டியைப் பரிசோதிக்கும் அதிகாரியிடம் காட்ட உங்கள் பெயரில் ஒரு தாள் இருந்தாலே, ஓட்டுபவருக்கும் எங்களுக்கும் பாதிப் பாரம் இறங்கும்.

அடுத்த மாடலின் ஹேண்டில்பாரை வரையும்போது, விரல்கள் முழுதாக மடங்காத ஒருவரையாவது கூப்பிட்டு மாதிரி வண்டியில் உட்கார வையுங்கள். லீவர் எட்டுகிறதா, இண்டிகேட்டர் பெருவிரலுக்கு அகப்படுகிறதா, யோக் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதெல்லாம் சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். பாகங்களை வார்க்கும் அச்சு செய்து முடிப்பதற்கு முன்னால் கூப்பிடுங்கள். அளவுகள் வேண்டுமானால், இதுவரை மாற்றிய வண்டிகளில் நான் குறித்து வைத்திருப்பதைத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்