டீச்சர், டீச்சர் என்று கூப்பிடும் காடு

ஆக்ஸ்ஃபோர்டு,
ஜூன் 7

அன்புள்ள நண்பா,

நான் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா, இல்லை மாம்பழ சீசன் முடியட்டும் என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறாயா? போன வாரம் உன் மருமகள் போனில் புலம்பினாள். நான் சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் நான் அனுப்பிய போட்டோவுக்கு நீ போட்ட பதிலை இன்னும் மறக்கவில்லை. "இதுவா காடு? விறகுக்கடையைப் பிரித்து நட்டு வைத்த மாதிரி இருக்கிறது" என்றாய். அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாலு மாதம் பொறுத்து, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

காட்டின் பெயர் வைட்டம். மகள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். பேத்தியைப் பள்ளியில் விட்டதும் எனக்கு மதியம்வரை வேலை கிடையாது, மாப்பிள்ளை போகிற வழியில் இறக்கிவிட்டுப் போவார். மொத்தமே ஆயிரம் ஏக்கர்தான். வனத்துறையில் உன் ரேஞ்சில் ஒரு மூலைக்குக் காணாது. மூன்று பக்கம் தேம்ஸ் ஆறு வளைந்து ஓட, நடுவில் ஒரு குன்று, அதன்மேல் காடு. யானை இல்லை, புலி இல்லை. ஓநாயைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். இப்போது இங்கே மாமிசம் தின்னும் பெரிய மிருகம் பேட்ஜர்தான். முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, குட்டைக்கால் ஆசாமி. அதுவும் என்ன தின்கிறது என்கிறாய்? பெரும்பாலும் மண்புழு. நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

ஆக, நீ சொன்னதில் பாதி சரி. மனிதன் கை படாத காடு இல்லை இது. பல நூறு வருஷமாக ஹேசல் மரங்களை அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து மறுதாம்பு விட்டு, ஏழெட்டு வருஷத்தில் மறுபடி வெட்டி என்று கட்டைக்கரும்பு மாதிரி விவசாயம் பண்ணியிருக்கிறார்கள். கழி, வேலிப் படல், விறகு எல்லாம் அதிலிருந்துதான். சில பகுதி பழங்காடு, சில பகுதி மேய்ச்சல் நிலமாக இருந்து பிறகு மரம் வளர்ந்தது, சில பகுதி நட்டது. இங்கிலாந்தில் 1600-க்கு முன்னாலிருந்தே விடாமல் காடாக இருந்துவரும் இடத்தைத்தான் தொன்மையான காடு என்று கணக்கில் சேர்க்கிறார்கள். மொத்த பிரிட்டனிலும் அப்படிப்பட்ட நிலம் நூற்றுக்கு இரண்டரைதான்.

இந்தக் காடு ஃபென்னல் என்றொரு பணக்காரருடையதாக இருந்திருக்கிறது. அவருடைய மகள் பெயரும் ஹேசல். இளவயதிலேயே இறந்துபோனாள். அவள் நினைவாக 1942-இல் காட்டைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார், படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் என்று. அதனால்தான் உள்ளே நடக்க முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அது நல்லதுக்குத்தான், கூட்டமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊர் இலையுதிர் காடு தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து கோடையில் இலையைக் கொட்டும். இங்கே தண்ணீருக்கு என்ன குறை, தினமும் தூறல்தான். வெளிச்சமும் சூடும்தான் பஞ்சம். ஆகவே குளிருக்கு முன் இலையைக் கொட்டிவிட்டு ஐந்தாறு மாதம் தூங்குகிறது. நான் வந்த ஜனவரிக் கடைசியில் நாலு மணி தாண்டினாலே இருட்டத் தொடங்கிவிடும். இப்போது இரவு ஒன்பது மணிக்கும் மொட்டை மாடியில் துணி காயப்போடலாம், மாடி இருந்தால். இடைப்பட்ட மாதங்களில் காட்டுக்குள் நடப்பதைப் பார்க்கவேண்டுமே! கல்யாண வீட்டுப் பந்தியில் முந்துகிற மாதிரிதான். மேலே ஓக், ஆஷ் மரங்கள் இலை விரித்துக் கூரை போட்டுவிட்டால் கீழே வெளிச்சமே இறங்காது. அதற்குள் தரையில் இருப்பதெல்லாம் பூத்து, காய்த்து முடிக்க வேண்டும்.

முதலில் எழுந்தது ஹேசல்தான். பிப்ரவரியிலேயே இலையில்லாத கிளையில் மஞ்சள் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கியது. நான் ஏதோ காய்ந்த புழு என்று நினைத்தேன். ஆண் பூவாம். மார்ச் கடைசியில் வுட் அனிமோன் என்கிற வெள்ளைப் பூ. வெயில் வந்தால் விரியும், மேகம் மூடினால் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். அது பரவும் வேகம் நூறு வருஷத்துக்கு ஆறடிதான் என்கிறார்கள். ஒரு சரிவு முழுக்க அது விரிந்து கிடந்தது. இரண்டு மூன்று தரம் காலை எடுத்து வைக்கப்போய்ப் பின்வாங்கினேன்.

அப்புறம் காட்டுப்பூண்டு. பத்தடி தூரத்திலேயே மூக்கைத் துளைக்கும். இந்தக் காட்டில் பறிக்கக்கூடாது. மகளின் சிநேகிதி தன் தோட்டத்திலிருந்து ஒரு கட்டு கொடுத்தாள், இலையைத் தேங்காயோடு அரைத்துத் துவையல் பண்ணினேன். நன்றாகவே இருந்தது. அதனோடு சேர்ந்தே முளைக்கிற வேறு சில இலைகள் விஷம் என்று மகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னாள்.

ப்ளூபெல் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெயரில்தான் நீலம். எனக்கு நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம்தான் நினைவுக்கு வந்தது. தண்டு கோழிக்கழுத்து மாதிரி வளைந்திருக்கும், மணிகளெல்லாம் ஒரே பக்கமாகத் தொங்கும். தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஏப்ரல் கடைசியில் லட்சக்கணக்கில் பூத்து மரங்களுக்கிடையே தரை தெரியாமல் கிடந்தபோது, குளத்துத் தண்ணீர் காட்டுக்குள் ஏறிவிட்ட மாதிரி இருந்தது. உலகத்திலுள்ள ப்ளூபெல்லில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில்தானாம். விதை போட்டால் பூக்க ஐந்து வருஷத்துக்குக் குறையாது, இலையை மிதித்துவிட்டால் கிழங்குக்குச் சாப்பாடு போய்விடும். அதனால் இந்த நாட்டின் 1981 வனவுயிர்ச் சட்டத்தில் அதற்கும் பாதுகாப்பு உண்டு. போட்டோ எடுக்க நானும் பாதையை விட்டு இறங்கவில்லை, அதனால்தான் நான் அனுப்பிய படம் அவ்வளவு மோசம். மூன்று வாரம். அதற்குள் ஓக் இலை விரிந்தது, நீலம் வெளுத்தது, இப்போது அந்த இடத்தில் இருட்டும் காஞ்சொறியின் சொந்தக்காரச் செடியும்தான். கையில் பட்டுத் துடித்துவிட்டேன்.

மே மாதம் நடுவில் ஒரு நாள். நல்ல வெயில். ஒரு பெரிய ஓக் மரத்தடியில் நிற்கிறேன், சடசடவென்று மெல்லிய தூறல் சத்தம். அண்ணாந்து பார்த்தால் வானம் நீலம். கையை நீட்டினால் கறுப்பாகக் கடுகு மாதிரி விழுகிறது. புழுக்களின் எச்சம்! மரம் முழுக்கப் பச்சைப் புழுக்கள். சில நூலில் தொங்கி இறங்குகின்றன, ஒன்று என் காலருக்குள்ளேயே போய்விட்டது. விண்டர் மாத் என்கிற அந்துப்பூச்சியின் புழு இது. பெண்ணுக்குப் பறக்க இறக்கை கிடையாது. நவம்பர், டிசம்பர் குளிரில் மண்ணிலிருந்து வெளிவந்து, அடிமரத்தில் நடந்தே மேலேறி முட்டையிடும். அந்த முட்டை ஏப்ரலில் ஓக் மொட்டு அவிழும் அதே நாட்களில் பொரிய வேண்டும். முந்தினால் தின்ன எதுவுமில்லாமல் சாகும். பிந்தினால் இலை முற்றித் துவர்ப்பேறிவிடும். 1950-இலிருந்து வார்லி, கிராட்வெல் என்ற இருவர் இங்கே ஐந்தே ஐந்து ஓக் மரங்களை எடுத்துக்கொண்டு, கீழே தட்டு வைத்து, விழுகிற புழுவை வருஷக்கணக்கில் எண்ணியிருக்கிறார்கள். ஐந்து மரம்! நீ ஒரு நாள் ரோந்தில் எத்தனை மரத்தைக் கடப்பாய்?

அந்தப் புழுவை நம்பித்தான் கிரேட் டிட் குருவி குஞ்சு பொரிக்கிறது. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மஞ்சள் வயிற்றின் நடுவே கறுப்பு டை கட்டியது போல ஒரு கோடு. நீலகிரியில் இதன் சாம்பல் நிறச் சொந்தக்காரனை நீ பார்த்திருப்பாய். இதன் பாட்டு இந்த ஊர்க்காரர்கள் காதுக்கு "டீச்சர், டீச்சர்" என்று கேட்கிறதாம். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் அதையே கேட்டுவிட்டு, ஓய்வு பெற்று, கடல் தாண்டி வந்தும் விடவில்லை பார். பேத்தி இப்போது என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

மரங்களில் குருவி கூடு கட்டுவதற்காகச் சிமெண்டும் மரத்தூளும் கலந்த கூண்டுகள் தொங்குகின்றன, ஆயிரத்துக்குக் குறையாமல். முன்பு மரப்பெட்டிதானாம். வீசல் என்று கீரிக்குச் சின்னத் தம்பி ஒன்று உண்டு, அது புகுந்து குஞ்சுகளைத் தின்றதால் 1970-களில் மாற்றினார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கூண்டு கூண்டாகத் திறந்து நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். என்னம்மா எழுதுகிறாய் என்று கேட்டேன். முதல் முட்டை என்றைக்கு, மொத்தம் எத்தனை, எத்தனை பொரிந்தது, அவ்வளவுதான் என்றாள். எட்டிப் பார்த்தேன், வாய் மட்டுமே உள்ள எட்டு குஞ்சுகள்.

அந்த நோட்டு 1947-இல் தொடங்கியது. டேவிட் லாக் என்ற பறவை அறிஞர் ஆரம்பித்து வைத்தார், வருஷம் தவறாமல் இன்றுவரை எழுதுகிறார்கள். அதனால்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அறுபதுகளில் முட்டையிட்ட தேதியைவிட இப்போது ஏறத்தாழ இரண்டு வாரம் முந்தி முட்டையிடுகின்றன. வசந்தத்தில் சூடு கூடிக்கொண்டே போகிறது, மொட்டு முந்துகிறது, புழு முந்துகிறது, குருவியும் ஓடிப் பிடித்துக்கொள்கிறது. இதுவரைக்கும். ஒரு வருஷம் பார்த்தவனுக்கு இது தெரியாது. பத்து வருஷம் பார்த்தவனுக்கும் சந்தேகம்தான்.

பேட்ஜர் கதை ஒன்று சொல்லவேண்டும். வளைகளைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை, இரவுப் பிராணி. எல்லையில் சின்னச் சின்னக் குழி தோண்டி அதில்தான் வெளிக்குப் போகும், நம்ம ஊர் சர்வே கல் மாதிரி. எந்தக் குடும்பத்துக்கு எது எல்லை என்று கண்டுபிடிக்க 1970-களில் ஹான்ஸ் க்ரூக் என்பவர் ஒரு வேலை செய்தார். நிலக்கடலையைப் பாகில் பிசைந்து, அதில் கலர் கலராகப் பிளாஸ்டிக் மணியைப் போட்டு வளை வாசலில் வைத்தார். எந்தக் குழியில் எந்தக் கலர் மணி என்று பார்த்தால் எல்லை தெரிந்துவிடும். ஆக, ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சி நடந்ததே நம்ம கடலைமிட்டாயில்தான். கோவில்பட்டிக்காரர்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

உனக்குத் தெரிந்த ஒரே முகம் இங்கே கேளையாடு. ஆமாம், அதேதான். நம்முடையது இல்லை, சீனாவிலிருந்து கொண்டுவந்து தனியார் பூங்காவில் வைத்தது, தப்பித்துப் பெருகிவிட்டது. புதருக்குள்ளிருந்து அந்தச் சின்ன மான் குரைத்ததும் எனக்கு மசினகுடி ஞாபகம் வந்துவிட்டது. புலி இல்லாத காட்டில் யாரைப் பார்த்து எச்சரிக்கிறதோ! அதைக் கட்டுப்படுத்த ஆளில்லாததால் ப்ளூபெல்லையும் இளங்கன்றுகளையும் மேய்ந்து தீர்க்கிறது. சுட்டுத்தான் குறைக்கிறார்கள்.

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது ஆஷ் மரங்கள்தான். நம்ம பையன்கள் ஊன்றி விளையாடுகிற கிரிக்கெட் ஸ்டம்ப் இருக்கிறதே, நல்ல ஸ்டம்ப் என்றால் இந்த மரத்தில்தான் செய்வார்கள். வைட்டத்தில் அதிகமுள்ள மரங்களில் இதுவும் ஒன்று. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை இலை வழியாக இறங்கி, உச்சியிலிருந்து மரத்தைக் காயவைக்கிறது. 2012-இல்தான் பிரிட்டனில் முதலில் கண்டார்கள். இப்போது பாதையோரம் நெடுக மொட்டை உச்சிகள், ஆள்மேல் விழாமல் இருக்க வெட்டிப் போட்ட கட்டைகள். ஓக் முந்தித் துளிர்த்தால் தூறல், ஆஷ் முந்தினால் கொட்டும் மழை என்று இந்த ஊரில் ஒரு சொலவடை உண்டு. அதைச் சொல்வதற்கு இனி எத்தனை ஆஷ் நிற்கும்? கூரையில் ஓட்டை விழுந்த இடங்களில் இந்த ஜூனிலும் வெளிச்சம் தரைவரை இறங்குகிறது. அங்கே என்ன வரும் என்று அந்த மாணவியைக் கேட்டேன். முள்செடி வரலாம், சைக்கமோர் மரம் வரலாம், எழுதி வைத்துக்கொண்டு பார்க்கவேண்டியதுதான் என்றாள்.

அந்தப் பதிலைக் கேட்டதும் உன் டைரிகள் ஞாபகத்துக்கு வந்தன. வருஷாவருஷம் தேக்கு துளிர்த்ததும், முதல் மழை விழுந்ததும், தேக்குப் புழு வந்து இலையை நரம்பு மட்டும் விட்டுச் சல்லடையாக்கியதும் என்றைக்கு என்று எழுதுவாயே, மேலதிகாரி கேட்காமலே? அட்டை கிழிந்த அந்த இருபது முப்பது டைரியும் இன்னும் பரண்மேல்தானே இருக்கின்றன? வீடு வெள்ளையடிக்கப் போவதாக உன் மருமகள் சொன்னாள். பழைய பேப்பர்காரனிடம் எதையும் போட்டுவிடாதே. ஜூலை நடுவில் ஊருக்கு வருகிறேன். உன் கண்கட்டு அவிழ்த்ததும் நான் வாசிக்கிறேன், நீ விளக்கம் சொல்லு. என் பழைய மாணவன் ஒருவனிடம் சொல்லி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். குழந்தைகளுக்குச் சாக்லேட், உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. விறகு மட்டும் கேட்காதே.

அன்புடன்,
உன் வாத்தியார்