தோட்டத்து மக்களைச் சராசரிக்குள் தொலைத்துவிடாதீர்கள்

தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்கள அதிகாரிகளுக்கு,

வணக்கம். நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன்.

2024 தொகைமதிப்பில் நாட்டின் சனத்தொகையில் மலையகத் தமிழரின் (உங்கள் அட்டவணையில் 'இந்தியத் தமிழர்') பங்கு 3 வீதத்துக்கும் கீழே போய்விட்டது. 1971இல் 9 வீதத்துக்கு மேல் இருந்தோம். 1981இல் 5.5, 2012இல் 4 சொச்சம். இந்த வரிசையைப் பார்க்கும் வெளியாள், சனம் முழுக்கக் கப்பலேறிவிட்டது என்றுதான் நினைப்பார். கப்பலேறியது உண்மைதான். 1948இல் குடியுரிமை பறிபோய், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. ஆனால் இங்கேயே இருந்துகொண்டு, குடியுரிமை கிடைத்த பிறகு 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டவர்களும் நிறைய. பாட்டன் காலத்திலிருந்து இங்கே கொழுந்து பறிக்கும் குடும்பம், தன்னை இந்தியர் என்று எழுத ஏன் சம்மதிக்க வேண்டும்? போனவர் எத்தனை, பதிவு மாறியவர் எத்தனை என்று உங்கள் அட்டவணையில் பிரித்துப் பார்க்க வழியில்லை.

வருமானக் கணக்கு இதைவிடச் சிக்கல். உங்கள் 2019 குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி தோட்டத்துறைக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 46,865 ரூபாய், கிராமத்தில் 69,517, நகரத்தில் 116,670. தோட்டத்தில் வறியோர் 33.8 வீதம். இதில் பொய்யில்லை. ஆனால் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு வீட்டில் அம்மா குவைத்தில், மகன் கொழும்புக் கடையில். பக்கத்துக் காம்பராவில் கொழுந்தை மட்டும் நம்பியிருக்கிறார்கள். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, சரி. அன்று பறித்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தானே? மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சம்பள உயர்வு சமையலறை வரை வந்ததா என்று தெரியும்.

இன்னொன்று. கொஞ்சம் காசு சேர்த்து ஹட்டன் டவுனில் வீடு எடுத்துப் போகிறவர் அன்றோடு நகரத்துறைக் கணக்கில் போய்விடுவார். முன்னேறியவர்கள் வெளியேற வெளியேற, தோட்டத்துறை என்றைக்கும் ஏழையாகவே தெரியும். அதை வைத்து 'இவர்கள் மாறவே மாட்டார்கள்' என்று பேசுகிறவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

எனவே 2024 விபரங்களை வெளியிடும்போது கிராம சேவகர் பிரிவு என்ற மிகச் சிறிய நிர்வாக அலகோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே பிரிவுக்குள் தோட்டமும் பக்கத்துச் சிங்களக் கிராமமும் வந்தால் இரண்டின் நிலையும் கலங்கிவிடும். ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் சனத்தொகை, வயது, இனம், லயமா தனி வீடா என்ற விபரம் தனித்தனியாக வேண்டும். ஆட்கள் மிகக் குறைவான இடத்தில் தனிநபர் விபரம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தால் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துக் கொடுங்கள்.

வருமான ஆய்வு மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் தோட்டம் தோட்டமாகக் கேட்க முடியாது. மாவட்ட அளவிலாவது, தோட்டக் குடும்பத்துக்குக் கொழுந்திலிருந்து எவ்வளவு, வெளியூர், வெளிநாட்டுப் பணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டலாம். தோட்டத்தில் பிறந்து இப்போது வேறு துறையில் வாழ்கிறவர்களை அடையாளம் காண ஒரு கேள்வியையும் அடுத்த ஆய்வுப் படிவத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
தோட்டவாசி ஒருவர்